பரிசுக் குலுக்கலும் சட்டமும்



ஒரு துணிக்கடைக்காரர், தம் கடையில் 500 ரூபாய்க்குத் துணி வாங்குவோர் ஒவ்வொருவருக்கும் எண் அச்சிட்ட சீட்டு ஒன்று கொடுக்கிறார். பண்டிகை முடிந்தபின் குலுக்கல் நடக்கும். எண் விழுந்தவருக்கு ஒரு மோட்டார் சைக்கிள் பரிசு. விழாதவருக்கும் நட்டம் என்று சொல்ல இயலாது. அவர் கொடுத்த பணத்துக்குத் துணி கிடைத்துவிட்டது. அங்ஙனமாயின் இந்தப் பரிசு கொடையா, வாணிகமா, சூதா? கேட்ட மாத்திரத்தில் விடை சொல்லிவிடலாம் என்று தோன்றும் கேள்வி இது. ஆயினும், கற்றறிந்த நீதிபதிகளே இதில் நூற்று நாற்பது ஆண்டுகளாக ஒருவரோடொருவர் மாறுபட்டு வந்திருக்கின்றனர். அந்த வழக்குகளின் வரலாற்றை இன்று உங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறேன்.

குலுக்கல் என்றாலே சூது என்று எண்ணிவிடுதல் தவறு. உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில், கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்டவை அவை. ஊர் வாரியங்களுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தது குடவோலை முறையால், அதாவது குலுக்கலால். பாடநூல்கள் பெரும்பாலும் தகுதிகளைச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன: கால்வேலிக்கு மேல் நிலம் வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருத்தல் வேண்டும், கணக்குக் காட்டாதவர் கூடாது என்பன. ஆனால் குலுக்கல் நடத்திய முறையன்றோ அக்கல்வெட்டின் சிறப்பு!

சிறியோர் பெரியோர் அடங்கிய சபை முழுவதும் கூடியிருக்க வேண்டும். நம்பிமாருள் முதியவர் ஒருவர் ஓலைகள் இட்ட குடத்தை எல்லாரும் காணும்படி உயர்த்திப் பிடிக்க வேண்டும். வேறுபாடு அறியாத ஒரு சிறுவன், ஒரு குடும்பின் ஓலைக்கட்டை எடுத்து வேறொரு வெறுங்குடத்தில் இட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை வாங்கி மத்தியஸ்தன் கையில் கொடுக்க வேண்டும். மத்தியஸ்தன் அதனைப் பெறும்போது ஐந்து விரலும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். பிறகு உரக்க வாசிக்க வேண்டும். அங்குள்ள நம்பிமார் அனைவரும் மீண்டும் வாசிக்க வேண்டும். அதன் பின்னரே அப்பெயர் எழுதப்படும்.

விரல்களை விரிப்பது எதற்கு? விரலிடுக்கில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாகாது என்பதற்கு. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே, குலுக்கலில் என்னென்ன சூழ்ச்சிகள் நடக்கக்கூடும் என்பதை அந்த ஊரார் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்திருக்கின்றனர். இன்று ஒரு வாணிகக் குலுக்கலில் இவற்றுள் எத்தனை காப்புகள் இருக்கின்றன என்று நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இனி, கொடை எது என்பதைப் பார்ப்போம். எங்கள் சேவுகம்பட்டியில் சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில், தை மாதத்தில் வாழைப்பழம் சூறைவிடும் விழா நடைபெறுகிறது. நேர்த்திக்கடன் வேண்டிக்கொண்டவர்கள் கூடை கூடையாகப் பழங்களைக் கொண்டுவந்து சூறைவிடுவர். கூடியிருப்போர் அவற்றைப் பிடித்தும் பொறுக்கியும் எடுத்துச் செல்வர். ஒருவருக்குப் பத்துப் பழம் கிடைக்கும். ஒருவருக்கு ஒன்றுமே கிட்டாது. யார் கையில் எது விழும் என்பது முழுக்க முழுக்கத் தற்செயல். ஆயினும் இதனைச் சூது என்று எவரும் சொல்லார். ஏனெனில் பழம் பிடிக்க வந்தவர் எவரும் அதற்காக ஒரு காசும் கொடுக்கவில்லை. வெறுங்கையோடு திரும்புகிறவர் வந்தபோதும் வெறுங்கையோடுதான் வந்தார். அவர் இழந்தது ஒன்றுமில்லை.

சட்டம் காணும் வேறுபாடும் இதுவே. லாட்டரி என்று ஒன்றைச் சொல்வதற்கு மூன்று கூறுகள் ஒருங்கே இருத்தல் வேண்டும். பரிசு இருக்க வேண்டும். அது தற்செயலால் கிடைப்பதாக இருக்க வேண்டும். அந்த வாய்ப்பைப் பெறுவதற்குக் கலந்துகொள்வோர் விலை கொடுத்திருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லையேல் லாட்டரி இல்லை. வழக்காடுவோர் அனைவரும் இந்த மூன்றாவது கூற்றைச் சுற்றியே வாதிட்டு வந்திருக்கின்றனர். துணிக்கடைச் சீட்டுக்கு விலை கொடுக்கப்பட்டதா, இல்லையா?

லாட்டரியை நம் நாட்டில் முதலில் பெரிய அளவில் வளர்த்தவர்களும் ஆங்கிலேயரே, தடுத்தவர்களும் ஆங்கிலேயரே. அவர்களுடைய நாட்டில் 1753இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் பொருள் திரட்டப் பாராளுமன்றமே லாட்டரி நடத்திற்று. கல்கத்தாவில் 1813இல் எழும்பிய நகர மண்டபம் லாட்டரிப் பணத்தால் கட்டப்பட்டது. 1817இல் அங்கு லாட்டரிக் கமிட்டி என்றே ஒரு குழு அமைந்து, சாலைகளும் குளங்களும் அமைத்தது. இங்கிலாந்திலோ 1826ஆம் ஆண்டோடு பழைய அரசாங்க லாட்டரிகள் நின்றுபோயின. பிறகு இந்தியாவில் 1844ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம், அரசாங்க அனுமதி இல்லாத லாட்டரிகளைத் தடை செய்தது. 1870இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 294-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. அனுமதியற்ற லாட்டரிக்கு நிலையம் வைத்து நடத்துவோருக்கு ஆறு மாதம் வரை சிறை. அத்தகைய குலுக்கலில் இன்னது தருவோம் என்று விளம்பரம் வெளியிடுவோருக்கு 1,000 ரூபாய் வரை அபராதம். கடைக்காரரின் துண்டு விளம்பரத்தையும் எட்டிப் பிடிக்கவல்லது இந்த இரண்டாம் பகுதி. 2024 ஜூலை முதல் நாள் தண்டனைச் சட்டம் மாறி, பாரதீய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தபோதும், இப்பிரிவு 297ஆம் பிரிவாக உயிரோடிருக்கிறது. அபராதம் மட்டும் 5,000 ரூபாயாகியிருக்கிறது.

1913ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள், நியூயார்க் நகரத்துச் செய்தித்தாள் ஒன்றில் ஆர்தர் வின் என்பவர் சொற்புதிர் ஒன்றை வெளியிட்டார். அதுவே குறுக்கெழுத்துப் புதிரின் தொடக்கம். இருபது ஆண்டுகளுக்குள் அது தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. 1928இல் ஆனந்த விகடனை விலைக்கு வாங்கிய எஸ். எஸ். வாசன் அவர்கள், 1930களில் பரிசுத் தொகையோடு கூடிய குறுக்கெழுத்துப் போட்டிகளை நடத்தினார். இதழின் விற்பனை பெருகிற்று. பிற இதழ்களும் அவ்வழியில் இறங்கின. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சொல் நிரப்புவது அன்றைய மக்களுக்கு ஒரு பெரும் பொழுதுபோக்காயிற்று.

இதில் குற்றம் என்ன, மொழியறிவு வளரும் அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சிறு புதிரைச் சொல்கிறேன். இரண்டெழுத்துச் சொல், முதலெழுத்து 'வி'. குறிப்பு: 'உழவன் உயர்வதற்கு இது நன்றாக அமைய வேண்டும்.' விடை என்ன? விதை என்பீர்கள். விலை என்றாலும் பொருந்தும். வினை என்றாலும் பொருந்தும். மூன்றில் எது சரி என்று எந்தத் தமிழ்ப் புலவரும் தீர்த்துரைக்க முடியாது. நடத்துபவர் எதனை எழுதி உறையில் இட்டு முத்திரை வைத்திருக்கிறாரோ, அதுவே சரி. இத்தகைய குறிப்புகள் பத்து இருந்தால், விடைகளைச் சேர்க்கும் வழிகள் எத்தனை? மூன்றைப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள்: 59,049. ஒரு விடைத்தாளுக்கு நாலணா கட்டணம் என்று கொள்வோமாயின், எல்லாவற்றையும் அனுப்பிவைக்க 14,762 ரூபாய் 4 அணா வேண்டும். கணக்கு வகுப்பில் அடுக்குப் பெருக்கம் நடத்தும்போது இதனை நான் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதுண்டு. மற்றக் கணக்குகளுக்குக் கிடைக்காத அமைதி இதற்குக் கிடைக்கும்.

இங்கிலாந்தில் 1936இல் இத்தகைய ஒரு போட்டியைப் பற்றிய வழக்கு வந்தபோது, போட்டியாளர் செய்வது மறைந்திருக்கும் இலக்கை நோக்கிக் கண்ணை மூடிக்கொண்டு சுடுவது போன்றது என்று நீதிமன்றம் கருதிற்று. அந்தக் கருத்துத்தான் பின்னர் நம் நாட்டுக்கும் வழிகாட்டியாயிற்று.

நாடு விடுதலை பெற்ற காலத்தில் இப்போட்டிகள் பெருந்தொழிலாகவே வளர்ந்துவிட்டன. அவற்றுள் பெயர் பெற்றது ஆர்.எம்.டி.சி. குறுக்கெழுத்துப் போட்டி. அதனை நடத்தியவர் ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா. பெங்களூரில் அச்சாகி வெளிவந்த 'ஸ்போர்டிங் ஸ்டார்' என்னும் வார இதழ் வழியாக அது நடந்தது. பணமோ பம்பாய் மாகாணத்திலிருந்து ஏராளமாக வந்து குவிந்தது. பம்பாய் அரசாங்கம் 1948இல் இயற்றிய லாட்டரி, பரிசுப் போட்டிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1952இல் திருத்தி, வெளி இராச்சியத்தில் அச்சாகும் இதழ்களின் போட்டிகளுக்கும் உரிமமும் வரியும் விதித்தது. மத்திய அரசாங்கமோ 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டத்தை இயற்றியது. எந்த மாதத்திலும் பரிசின் மொத்த மதிப்பு 1,000 ரூபாய்க்கு மேற்படலாகாது, ஒரு போட்டிக்கு 2,000 விடைத்தாள்களுக்கு மேல் வாங்கலாகாது, உரிமம் வேண்டும், கணக்கு வேண்டும்.

இந்த இரண்டு எண்களையும் கவனியுங்கள். சட்டம் போட்டியை நேரடியாகத் தடுக்கவில்லை. எட்டணா வீதம் 2,000 பேர் அனுப்பினால் 1,000 ரூபாய் வரும். அதனைப் பரிசாகக் கொடுத்துவிட்டால், அச்சுக்கூலிக்கும் அஞ்சல் செலவுக்கும் என்ன மிஞ்சும்? ஆசையை அறவுரையால் தணிக்க முயலாமல், ஆசையை விற்பவரின் இலாபத்தை வெட்டிவிட்டது அச்சட்டம். சட்டம் இயற்றுவோர் கணக்கறிந்தவராயும் இருத்தல் வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று என்பது என் கருத்து.

வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. அரசியலமைப்பு ஒவ்வொரு குடிமகனுக்கும் தொழிலும் வாணிகமும் செய்யும் உரிமையை வழங்கியிருக்கிறதே, எங்கள் தொழிலை எங்ஙனம் நெருக்கலாம் என்று போட்டி நடத்துவோர் வாதிட்டனர். 1957 ஏப்ரலில் தலைமை நீதிபதி எஸ். ஆர். தாஸ் அவர்கள் தீர்ப்புரைத்தார். சூது என்பது வாணிகமே அன்று. ஆகவே வாணிகத்துக்கு உரிய பாதுகாப்பை அது கேட்க முடியாது. இதனை நிறுவ, ரிக்வேதத்தில் சூதாடியின் புலம்பலாக அமைந்த பாடலிலிருந்து, பாரதத்துத் தருமனின் கதை, யாக்ஞவல்கியர், கௌடிலியர் வரை அவர் எடுத்துக்காட்டினார். நம் திருவள்ளுவரும் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தவர்; அந்தப் பட்டியலில் அவரும் இடம்பெற்றிருக்கலாமே என்று தமிழாசிரியர்களுக்குத் தோன்றாமற் போகாது.

அன்றே மற்றொரு தீர்ப்பும் வந்தது. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிய அத்தீர்ப்பை எழுதியவர் நீதிபதி டி. எல். வெங்கடராம ஐயர். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளில் ஆழ்ந்த புலமை பெற்றவர். 1944இல் சங்கீத கலாநிதி விருது பெற்றவர். அச்சட்டத்தின் சொற்கள் அறிவுத் திறன் போட்டிகளையும் சேர்த்துப் பிடிக்குமளவு அகலமாக இருந்தன. அதற்காகச் சட்டம் முழுவதையும் தள்ளிவிட வேண்டியதில்லை. திறன் மிகுந்த போட்டிகளை விலக்கிவிட்டு, தற்செயல் மிகுந்தவற்றுக்கு மட்டும் சட்டம் செல்லும் என்று அவர் பிரித்துக் காட்டினார். திறன் வேறு, தற்செயல் வேறு என்னும் இந்தக் கோடு அன்றுமுதல் பல வழக்குகளுக்கு எல்லைக்கல்லாக நின்றது. 2025ஆம் ஆண்டு ஆகஸ்டில் பாராளுமன்றம் இயற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைப் பொறுத்தவரை அக்கோட்டையே அழித்துவிட்டது. திறனோ தற்செயலோ, பணம் வைத்து ஆடுவது கூடாது என்றது.

அரசாங்கமே நடத்தினால் சூது அறமாகிவிடுமா? இக்கேள்விக்கு நம் நாட்டில் நேர்மையான விடை கிடைத்ததாகச் சொல்ல முடியாது. அரசியலமைப்பின் பட்டியல்களில் சூதாட்டமும் பந்தயமும் மாநிலங்களுக்கு உரியவை. அரசாங்கம் நடத்தும் லாட்டரிகள் மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. 1967இல் கேரள அரசாங்கம் லாட்டரித் துறையைத் தொடங்கி, 1968 ஜனவரி 26இல் முதற் குலுக்கலை நடத்திற்று. சீட்டு ஒரு ரூபாய், முதற்பரிசு 50,000 ரூபாய். அவ்வாண்டே தமிழ்நாட்டிலும் அண்ணாதுரை அவர்களின் அரசாங்கம் பரிசுச் சீட்டைக் கொணர்ந்தது. பரிசு விழுந்தால் வீட்டுக்கு நன்மை, விழாவிட்டால் நாட்டுக்கு நன்மை என்ற எண்ணம் அப்போது மக்களிடையே பரப்பப்பட்டது. பின்னர் தனியார் சீட்டுகளும் பிற மாநிலச் சீட்டுகளும் பெருகி, நாட்கூலி பெறுவோர் மாலையில் வீட்டுக்குப் போகுமுன் கூலியின் ஒரு பகுதியைச் சீட்டுக்கடையில் விட்டுச் சென்ற காலமும் வந்தது. 1998இல் மத்திய அரசாங்கம் லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றிற்று. 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரிகள் அனைத்தும் தடை செய்யப்பட்டன. கேரளத்தில் இன்றும் நடக்கிறது. ஒரே செயல் எல்லைக்கு அப்பால் அரசாங்க வருவாயாகவும் இப்பால் குற்றமாகவும் இருப்பதைக் கம்பம், போடி வட்டாரத்து மாணவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சீட்டு என்ற சொல்லை எடுத்துவிட்டதனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். நம் ஊர்களில் பெண்டிர் சேர்ந்து போடும் ஏலச்சீட்டும் குலுக்கல் சீட்டும் சூதல்ல. அதில் ஒவ்வொருவரும் ஒரு முறை தொகையை எடுப்பர். முன் எடுப்பவருக்கும் பின் எடுப்பவருக்கும் காலந்தான் வேறு. ஆனால் 1960களிலும் 70களிலும் இதன் சாயலில் வேறொன்று முளைத்தது. பரிசுச் சீட்டுத் திட்டம், நலத் திட்டம் என்றெல்லாம் அதற்குப் பெயர்கள். மாதந்தோறும் தவணை கட்ட வேண்டும். மாதம் ஒருமுறை குலுக்கல். விழுந்தவருக்குப் பாத்திரமோ நகையோ கிடைக்கும். அவர் மேற்கொண்டு தவணை கட்டவேண்டியதில்லை. மற்றவர்களுக்கு முடிவில் கட்டிய பணம் திரும்ப வரும். யாருக்கும் நட்டமில்லாத ஏற்பாடு போல் தோன்றுகிறதல்லவா?

ஒரு கணக்குப் போடுவோம். ஆயிரம் பேர், மாதம் 50 ரூபாய், நாற்பது மாதம். மாதம் ஒருவருக்கு 2,000 ரூபாய் மதிப்புள்ள பொருள். பரிசு பெற்ற நாற்பது பேரும் அதுவரை கட்டிய தவணை மொத்தம் 41,000 ரூபாய். அவர்களுக்குக் கொடுத்த பொருளின் மதிப்பு 80,000 ரூபாய். மற்ற 960 பேருக்கும் அவர்கள் கட்டியதே திரும்பிவிடும். ஆக, நடத்துபவர் கைப்பொருளிலிருந்து போவது 39,000 ரூபாய். தருமவானாக அல்லவோ தோன்றுகிறார்! ஆனால் முதல் மாதமே அவர் கைக்கு 50,000 ரூபாய் வந்துவிட்டது. முடிவில் 19 இலட்சத்துக்கு மேல் சேர்ந்திருக்கும். மூன்று ஆண்டுகளுக்கு மேல் அத்தொகைக்கு அவர் யாருக்கும் வட்டி கொடுக்கவில்லை. சராசரி ஒன்பது இலட்சத்துக்கு மேல் என்று கொண்டு, நூற்றுக்குப் பத்து வட்டி போட்டாலும், மூன்று இலட்சத்தைத் தாண்டும். அந்த வட்டி யாருடையது? பரிசு விழாத 960 பேருடையது. அவர்கள் இழந்தது என்ன என்பதே அவர்களுக்குத் தெரியாது. நடத்துபவர் பாதியில் ஓடிப்போனால் என்னாகும் என்பதை நான் இக்கணக்கில் சேர்க்கவில்லை.

ரிசர்வ் வங்கி அமைத்த, ஜேம்ஸ் எஸ். ராஜ் அவர்களைத் தலைவராகக் கொண்ட குழு, 1975இல் அளித்த அறிக்கையில் இத்திட்டங்களைத் தடை செய்ய வேண்டும் என்று சொன்னது. 1978இல் பரிசுச் சீட்டு, பணச் சுழற்சித் திட்டத் தடைச் சட்டம் வந்தது. வழக்கமான சீட்டுகளை அது விட்டுவிட்டது. தடை செல்லாது என்று தொடுத்த வழக்கை, 1980இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் அமர்ந்த உச்ச நீதிமன்ற அமர்வு தள்ளிற்று.

இப்போது நாம் துணிக்கடைச் சீட்டுக்குத் திரும்பலாம். 1883இல் இங்கிலாந்தில் ஒருவர் தேயிலைப் பொட்டலங்களுக்குள் சீட்டு வைத்து விற்றார். பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால்தான் என்ன பரிசு என்பது தெரியும். தேயிலை நல்ல தேயிலை. கொடுத்த விலைக்குப் பெறும். டெய்லர்-ஸ்மெட்டன் வழக்கு என்று அதற்குப் பெயர். நீதிமன்றம் அதனை லாட்டரி என்றே தீர்த்தது. வாங்குபவர் கொடுத்த பணம் தேயிலைக்கும் சீட்டுக்கும் சேர்த்துக் கொடுத்ததே. பரிசுகளை விற்பவர் சும்மா கொடுத்தார் என்று நினைக்க இடமில்லை என்பது காரணம். 1907இல் மற்றொரு வழக்கு இன்னும் ஒரு படி சென்றது. வார இதழ் ஒன்று எண்ணிட்ட பதக்கங்களை இலவசமாகவே வழங்கி, பரிசெண்களைத் தன் பக்கங்களில் வெளியிட்டது. பதக்கம் பெற்றவர் இதழை வாங்கவேண்டும் என்ற கட்டாயங்கூட இல்லை. ஆயினும் இதழின் விற்பனை கூடிற்று. பரிசுப்பணம் அந்தக் கூடுதலிலிருந்தே வந்தது. ஆகவே மக்கள் கூட்டாக விலை கொடுத்துவிட்டனர் என்று நீதிபதிகள் கருதினர். ஆங்கில நாட்டிலேயே இந்நிலை பின்னர் மாறிவிட்டது. 2005ஆம் ஆண்டுச் சட்டம், பொருளுக்கு வழக்கமான விலையை மட்டும் வாங்கி நடத்தும் குலுக்கலில் சீட்டுக்கு விலை வாங்கியதாகக் கொள்ளலாகாது என்கிறது.

நம் நாட்டில் 1984இல் ஏகபோக வணிகக் கட்டுப்பாட்டுச் சட்டம் திருத்தப்பட்டு, நேர்மையற்ற வணிக நடைமுறைகள் என்று ஒரு பகுதி சேர்ந்தது. கொடுக்கும் எண்ணமின்றிப் பரிசு அறிவித்தல்; பரிசின் செலவை விலையிலேயே ஏற்றிவிட்டு இலவசம் என்று நம்பவைத்தல்; விற்பனையைப் பெருக்குவதற்காகப் போட்டியோ லாட்டரியோ தற்செயல் விளையாட்டோ நடத்துதல் ஆகிய மூன்றும் குற்றமாயின. இப்பகுதியின்கீழ் வந்தது ஹார்லிக்ஸ் வழக்கு. புட்டிகள் சிலவற்றுள் பரிசுச் சீட்டுகளை ஒளித்து வைத்து, மறைந்துள்ள செல்வம் என்னும் பொருள்படப் பெயரிட்டு நிறுவனம் விளம்பரம் செய்தது. ஆணையம் அதனைத் தடுத்தது. 1998இல் உச்ச நீதிமன்றம் ஆணையத்தின் ஆணையை நீக்கிற்று. சீட்டுக் குலுக்கப்படவில்லை, வாய்ப்புக்கென்று தனி விலை வாங்கப்படவில்லை, பரிசுச் செலவு விலையில் ஏற்றப்பட்டதற்குச் சான்று இல்லை, எனவே இது லாட்டரி ஆகாது என்று கூறிற்று.

தேயிலைப் பொட்டலத்துக்கும் ஹார்லிக்ஸ் புட்டிக்கும் என்ன வேறுபாடு? எனக்கு ஒன்றும் புலப்படவில்லை. இரண்டிலும் பொருள் தரமானது. இரண்டிலும் பரிசு உள்ளே மறைந்திருந்தது. முதல் நீதிமன்றம் பரிசுக்கு யாரோ விலை கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்ற எண்ணத்திலிருந்து தொடங்கியது. இரண்டாவது, விலை உயர்ந்ததை மெய்ப்பித்துக் காட்டு என்று கேட்டது. யார் மெய்ப்பிக்க வேண்டும் என்பதை மாற்றிவிட்டால் தீர்ப்பே மாறிவிடுகிறது. இவ்விடத்தில் 1883ஆம் ஆண்டு நீதிபதிகளின் பக்கமே என் மனம் சாய்கிறது. கணக்குப் புத்தகங்கள் விற்பவர் பெட்டியில் அல்லவா இருக்கின்றன?

இன்னொரு வழக்கு இதனை மேலும் தெளிவாக்கும். 2007ஆம் ஆண்டு ஜனவரி முதல் ஏப்ரல் வரை தொலைக்காட்சியில் 'கௌன் பனேகா குரோர்பதி' நிகழ்ச்சியில், வீட்டிலிருப்போரும் குறுஞ்செய்தி அனுப்பிப் பரிசு பெறலாம் என்று அறிவித்தனர். ஒரு செய்திக்கு 2 ரூபாய் 40 காசு. வந்த செய்திகள் 5 கோடியே 80 இலட்சம். ஏறத்தாழ 14 கோடி ரூபாய். நிகழ்ச்சி ஒன்றுக்கு 2 இலட்சம் வீதம் 52 நிகழ்ச்சிகளுக்குக் கொடுத்த பரிசு 1 கோடியே 4 இலட்சம். நுகர்வோர் தேசிய ஆணையம் 2008இல், இலவசப் போட்டி என்று காட்டி மக்கள் பணத்திலிருந்தே பரிசு கொடுத்ததாகக் கருதி, 1 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. 2019இல் உச்ச நீதிமன்றம் அதனை நீக்கிவிட்டது. குறுஞ்செய்திக் கட்டணத்திலிருந்துதான் பரிசு வந்தது என்பதற்கு ஆணையத்தின் முன் சான்று இருக்கவில்லை என்பது காரணம். ஐயத்தின்மேல் ஒருவரைத் தண்டித்தல் தகாது. அந்த அளவில் தீர்ப்பு முறையானதே. ஆயினும் மேற்சொன்ன எண்களைப் பார்த்தபின், அறுபது பேரைக் கொண்ட ஒரு வகுப்பு என்ன சொல்லும் என்பதும் எனக்குத் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்து நகரத்துக் கடை ஒன்றில் தீபாவளிக்குத் துணி எடுத்தபோது எனக்கும் ஒரு பரிசுச் சீட்டுக் கொடுத்தனர். பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் எழுதிப் பெட்டியில் போட்டோம். பொங்கலும் போயிற்று, குலுக்கல் நடந்ததா, யாருக்கு விழுந்தது என்று எவருக்கும் தெரியவில்லை. கேட்டால், விழுந்தவருக்குச் சொல்லியாயிற்று என்றார் கல்லாவில் இருந்தவர். உத்தரமேரூரில் மத்தியஸ்தன் விரித்த ஐந்து விரலும் என் நினைவுக்கு வந்தன. விழாதவருக்கும் முடிவை அறியும் உரிமை உண்டு என்பது அந்தக் கடைக்காரருக்குத் தோன்றவே இல்லை.

சட்டத்துக்குத் தோன்றியிருக்கிறது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு, 47ஆம் உட்பிரிவைப் படித்துப் பாருங்கள். 1984இல் சொன்ன குற்றங்களோடு இதுவும் அங்கே இருக்கிறது: இலவசமாகப் பரிசோ பொருளோ தருவதாகச் சொன்ன திட்டம் முடிந்தபின், கலந்துகொண்டோருக்கு இறுதி முடிவைத் தெரிவிக்காமல் மறைப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறையே. திட்டம் எந்தச் செய்தித்தாள்களில் விளம்பரம் செய்யப்பட்டதோ, அதே தாள்களில் தக்க காலத்தில் எடுப்பாக முடிவை வெளியிட்டால் போதும். ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுத வேண்டியதில்லை. கடைக்காரருக்கு இது பெருஞ்செலவு ஆகாது.

முறையிட விரும்புவோர் வழக்கறிஞரை நாடித்தான் ஆகவேண்டும் என்பதும் இல்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தாமே மனு எழுதிக் கொடுக்கலாம். வாங்கிய பொருளின் விலை 5 இலட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. மனுவோடு இணைக்க வேண்டியவை கடை கொடுத்த விலைச்சீட்டு, பரிசுச் சீட்டின் அடிப்பகுதி, விளம்பரம் வந்த தாள் ஆகியவை. பெட்டியில் போடும் பகுதியைக் கிழித்த பிறகு நம் கையில் தங்கும் அந்த அடிப்பகுதியை நம்மில் பெரும்பாலோர் கடை வாசலிலேயே எறிந்துவிட்டு வருகிறோம்.